பால்குடத்துக்காக ஒரு நடன வகுப்பு

செவ்வாய், 6 ஜனவரி

விரதம் 23-ஆம் நாள். காலையிலேயே வெயில். சாம்பார், பீன்ஸ் பொரியல். எங்கள் குனோங் ராபாட் பாலாய்ராயா சமூக மண்டபத்தில் லத்தீன் நடன வகுப்பு, பெண்களுக்கு மட்டும். செவ்வாய், வியாழன், பத்து மணி. சேர்ந்துவிட்டேன்.

காரணத்தை எழுதி வைக்கிறேன், பிறகு மனம் மாறாமல் இருக்க.

1. இனிப்புநீர் வியாதி. இடது பாதம் மரத்துப்போகிறது, தரை தெரிவதில்லை. கிளினிக் தாதி சொன்னது: எடையைக் கால் மாற்றி வைக்கும் பயிற்சி எதுவானாலும் சரி.

2. போன தைப்பூசம். கோயில் படியில் தடுமாறிப் பாதிப் பால் கொட்டியது. வீட்டுக்காரருக்கு இதய அறுவை நடந்தபோது மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். இது மூன்றாவது, கடைசி.

வேறு காரணம் இல்லை.

அவர்: "விரதத்துல டான்ஸா? ஆளுங்க பாத்தா என்னா சொல்லுவாங்க?"

"நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அந்த ஆளுங்களா வேண்டிக்கிட்டாங்க?"

பேப்பரை எடுத்துக்கொண்டார்.

வியாழன், 8

மழை. துணி காயவில்லை. வகுப்பில் கற்ற தாளம்: ரெண்டு-மூணு-ச்சா-ச்சா-ச்சா. எண்ணிக்கொண்டே நடந்ததில் ரசம் பொங்கி அடுப்பு நாசம்.

டீச்சர் சீன அம்மா, எழுபது இருக்கும். மலாயில்தான் பேச்சு. என் தலையில் புத்தகம் வைத்தார். இடுப்பு ஆடலாம், புத்தகம் ஆடக்கூடாது. காலையே பார்க்கிறேனாம். பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? பீடோர் தோட்டத்தில் தோளில் போட்ட காண்டாக்கம்பின் இரு முனையிலும் ரப்பர்பால் வாளியோடு மேடு இறங்கிய அதே கால்.

ஞாயிறு, 18

புத்தகத்துக்குப் பதில் குடம். வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில். நாலு கப் தண்ணீர், ஆறு நடை. மிச்சம் மூன்று.

நாத்தனார் சரோஜா பார்த்துவிட்டாள். "ஐயோ அண்ணி, கொடத்த வெச்சிக்கிட்டா இடுப்ப ஆட்டுறீங்க!" ஒரே சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. "ஒங்களுக்குப் பதிலா நான் எடுத்துர்றேன்லா. நீங்க கார்ல வந்துருங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் வலிக்கிறது.

"வேண்டுனது என் வாயி. நடக்குறதும் என் காலுதான்."

பேச்சு முடிவு: 31-ஆம் தேதி அவள் பார்க்க நான் நடக்க வேண்டும். சிந்தினால் குடம் அவள் தலைக்கு.

வியாழன், 29

மிச்சம் மூன்றே முக்கால். மூன்று நாளாக அதே கணக்கு. கூச்சத்தை விட்டுக் குடத்தை வகுப்புக்கே எடுத்துப்போனேன். டீச்சர் சிரிக்கவில்லை. முழங்காலிட்டு என் பாதத்தைப் பார்த்தார். வைத்தவுடன் எடையைப் போடுகிறாய், அழுத்து, காத்திரு, பிறகு போடு என்றார்.

சனி, 31

ஆறு நடை. சரோஜாவே அளந்தாள். நம்பாமல் இரண்டாம் தடவையும்.

"நாலும் இருக்கு அண்ணி."

ஞாயிறு, 1 பிப்ரவரி

தைப்பூசம். உறுமிச் சத்தம். படியில் கூட்டம் நெருக்கியது, இடது பாதம் காணாமல் போனது. சுற்றிலும் வேல் வேல், என் வாயில் ரெண்டு-மூணு. முருகா, மன்னித்துக்கொள். வை. அழுத்து. காத்திரு. ஏறு.

ஐயர் ஊற்றும்போது கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனையும் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். வியர்வையாம்.

செவ்வாய், 3

தூறல். குடம் துலக்கிக் கவிழ்த்தாயிற்று. 6-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது காரணம் முடிந்தது, முதலாவது இருக்கிறது. "வேறு காரணம் இல்லை" என்ற வரியை அடித்தேன்.

இன்று டீச்சர் ரும்பா நடனம் தொடங்குகிறாராம். மணி ஒன்பதே முக்கால்.