பேசுகிற பெயர்ப் பட்டியல்

11 ஜூன் 2025, புதன்

இன்று கற்றது: வலைப்பக்கம் எழுதும்போது திறந்த குறியை மூட வேண்டும். அதுவும் கடைசியில் திறந்ததை முதலில். கோயிலில் நடை சாத்துகிற மாதிரியேதான். கருவறைக் கதவு முதலில், வெளிக்கதவு கடைசியில். பாடம் சொல்லும் வீடியோவில் ஒரு பெண் இதைச் சொல்லப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

வரியை உடைக்கிற குறிக்கு மட்டும் மூடல் கிடையாதாம். ஏன்? யோசித்தேன். அதற்கு உள்ளே எதுவும் வைக்க முடியாது. உள்ளே சாமி இல்லாத இடத்துக்குக் கதவு எதற்கு?

14 ஜூன், சனி

இதையெல்லாம் எதற்குப் படிக்கிறேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா விஜயராணி; எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கையா என்போம். நங்கையாவுக்குப் போன மாசியில் சர்க்கரையால் பார்வை போய்விட்டது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பத்தொன்பது வருடமாக ஆடிக் கடைசி வெள்ளி விளக்குப் பூசையில் பெயர் வாசிப்பது அவர்தான். ஒவ்வொரு பெண்ணின் பெயரும் நட்சத்திரமும் சொன்ன பிறகுதான் அவளுடைய விளக்குக்குக் குங்குமம் விழும். “இந்த வருசம் அன்புசெல்வி வாசிக்கட்டும்” என்று கோயிலில் பேச்சு வந்திருக்கிறது. பூசைக்கு உதவ வருகிற இளம்பெண் அவள். நங்கையா, “அதுக்கென்னுங், புள்ளைக்கு நல்ல குரலு” என்று சொல்லிவிட்டு வந்தாராம். அன்று இரவு சாப்பிடவில்லை.

நங்கையாவின் போன், திரையில் விரல் படும் இடத்தைச் சத்தமாக வாசிக்கிறது. பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினேன். போன் “படம்” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. “எனக்கே படம் காட்டறயா கண்ணு?” என்று சிரித்தார். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினேன். ஐம்பத்து நான்கு பெண்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. நடுவில் நிறுத்தவே முடியவில்லை.

நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற மாதிரி நானே ஒரு வலைப்பக்கம் செய்தால் என்ன என்று தோன்றியதில்தான் இந்தப் படிப்பு.

2 ஜூலை, புதன்

முதல் பக்கம் இணையத்தில் ஏறிவிட்டது. அம்மா தாயே!

ஆனால் போன் “ஒன்... டூ... த்ரீ...” என்று எண்களை மட்டும் சொல்கிறது. பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஏன்?

4 ஜூலை, வெள்ளி

கண்டுபிடித்தேன். முதல் வரியை வீடியோவில் இருந்து அப்படியே எழுதியிருந்தேன். அந்த வரி, ‘இது ஆங்கிலப் பக்கம்’ என்று சொல்கிறது. போன் அதை நம்பி, தமிழைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. ஒரு சொல்லை மாற்றினேன். “ரங்காத்தாள்” என்று கணீரென்று வந்தது. அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

9 ஜூலை, புதன்

இன்று அழகுபடுத்தினேன். சி.எஸ்.எஸ். என்பது உடுத்தி விடுவது. நிறம், அளவு, இடைவெளி எல்லாம் அதில்தான். பட்டியல் தெருவாரியாக இருப்பதால் தெருப் பெயர்களைப் பெரிய எழுத்தில், சிவப்பில் போட்டேன். பெயர்கள் சிலது நீளம், சிலது குட்டை, இடம் வீணாகிறது. கட்டங்களைச் சேர்த்தும் பிரித்தும், நீளப் பெயருக்குப் பக்கத்தில் குட்டைப் பெயர், மிச்ச இடத்தில் நட்சத்திரங்கள் என்று நிரப்பினேன். ஒரே திரையில் ஐம்பத்து நான்கு பேரும் அடங்கிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எட்டிப் பார்த்தார். “துளி வேஸ்ட் இல்ல. அருமையா மார்க்கர் போட்டிருக்க.” மார்க்கர் என்றால் துணி வீணாகாமல் வெட்டுவதற்கு வரைகிற படம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையை இப்படிப் புகழ்ந்ததில்லை.

18 ஜூலை, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. நங்கையா ஊட்டுல வாசிச்சுப் பாத்தோம். அன்புசெல்வியும் வந்திருந்தா. எல்லாம் போச்சு.

போன் சொன்னது: “ரங்காத்தாள். அன்புசெல்வி. பூரம். கேட்டை.”

நங்கையா கேட்டார்: “பூரம் யாருக்கு? கேட்டை யாருக்கு?”

எனக்குப் பாத்தாத் தெரியுது. அவங்களுக்கு? ரெண்டாந்தெருவுக்குப் போகவும் முடியலை. விரல் நழுவினா மறுபடி முதல் பேருக்கே வந்து நிக்குது.

“ஏஞ் சித்ரா, ஒருத்தி கையக் கொண்டாந்து இன்னொருத்தி ஒடம்புல தெச்சு வெச்சிருக்கறயே!” என்றார். சிரித்துத்தான் சொன்னார். அன்புசெல்வி சிரிக்கவில்லை. “தப்பா வாசிச்சா பூசைக்கு வர்றவங்க மனசு கஷ்டப்படுமுங்க அக்கா. நானே வாசிச்சர்றனே” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

நங்கையா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எதுக்கு இதுல கைய வெச்சேன்?

19 ஜூலை, சனி

விளக்கேற்றினேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

21 ஜூலை, திங்கள்

காலையில் கோலம் போடும்போது தோன்றியது. கட்டிங்கில் ஒரு பனியனின் உடம்புத் துண்டுகளுக்கு நடுவே மிச்சப்படும் இடத்தில் இன்னொன்றின் கையை வரைவார்கள். துணி மிச்சம். வெட்டிய பிறகு பிரித்துக் கட்டிக்கொள்ள ஆள் இருக்கிறது. என் பக்கத்தைப் பிரித்துக் கட்டுவது யார்? கண்தான். கண் இல்லாதவருக்கு நான் வெட்டாத துணியைக் கொடுத்திருக்கிறேன்.

எழுதுகிற வரிசை வேறு, காட்டுகிற இடம் வேறு. போன் வாசிப்பது எழுதிய வரிசையில். அழகுக்காக வரிசையைக் கலைக்கக் கூடாது. ஒருத்திக்கு ஒரு வரி. மேலே ‘பெயர்’, ‘நட்சத்திரம்’ என்று தலைப்புக் கட்டங்கள். கணக்கு நோட்டில் கோடு போட்டுப் பழகிய கைக்கு இது ஏன் முதலிலேயே தெரியவில்லை?

தெருப் பெயரையும் தலைப்பு என்றே குறி போட்டுச் சொல்ல வேண்டுமாம். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. சிவப்பு போனுக்குத் தெரியாது.

24 ஜூலை, வியாழன்

பக்கம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு தளம் இருக்கிறது. பதினேழு பிழை! செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பி எறிகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. எந்த வரி என்றும் சொல்கிறது. திட்டவில்லை. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

27 ஜூலை, ஞாயிறு

பிழை இல்லை என்று பச்சையில் வந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு ஒரு சந்தேகம். அந்தத் தளத்துக்குக் குறிகள் தெரியும். ரங்காத்தாள் யார், பூரம் யாருடையது என்று அதற்கு என்ன தெரியும்? ஐம்பத்து நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு போனில் கேட்டேன். இரண்டு நட்சத்திரம் இடம் மாறியிருந்தன. திருத்தினேன்.

29 ஜூலை, செவ்வாய்

நங்கையா வீட்டுக்குப் போனேன். “உடு கண்ணு, அந்தப் புள்ளையே வாசிக்கட்டும்” என்றார். பக்கத்தைத் திறந்து போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலைப்புக்குத் தலைப்பு தாவுவது எப்படி என்று மட்டும் சொன்னேன். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

காலை ஆறு மணிக்கு நங்கையாவின் போன். “மூணாந்தெருவுக்கு ஒரே தட்டுல போயிட்டனே!”

8 ஆகஸ்ட், வெள்ளி

நங்கையா வீட்டில் மறுபடி ஒத்திகை. அன்புசெல்வி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நங்கையா ஒரு காதில் மட்டும் இயர்போன். போன் சொல்லச் சொல்ல வாசித்தார். ஐம்பத்து நான்கும் சரி. அன்புசெல்வி தாளை மடித்துவிட்டு, “நீங்களே வாசிச்சுருங்க அக்கா, நான் குங்குமம் எடுத்துக் குடுக்கறேன்” என்றாள்.

எனக்குத்தான் பயம். கோயிலில் மேளச் சத்தம் இருக்குமே?

15 ஆகஸ்ட், வெள்ளி

மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் நங்கையா ஆரம்பித்தார்.

முதல் தெரு சரியாகப் போனது. இரண்டாம் தெருவில் “மாரக்காள்” என்றவர் நின்றுவிட்டார். விளக்குகளுக்கு முன்னால் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்புசெல்வி என்னைப் பார்த்தாள். எனக்கு எந்த இடம் என்று அப்போதுதான் உறைத்தது. பட்டியலில் இருந்த நட்சத்திரம் தன்னுடையதல்ல, தனக்கு அது தெரியாது என்று மாரக்காள் முந்தாநாள் சொன்னதால் அந்தக் கட்டத்தைக் காலியாக்கியிருந்தேன்; நங்கையாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். கட்டம் காலி என்றுதான் போன் சொல்லியிருக்கும்.

நங்கையா இயர்போனைக் கழற்றினார். “ஏ மாரக்கா, நீ எப்பப் பொறந்தன்னு உனக்கே தெரியாதாக்கும்?”

“எங்கம்மாளுக்கே தெரியாதுங்க!”

கோயிலே சிரித்தது. “செரி, அம்மன் பேர்லயே சொல்லிர்றேன். உனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?” என்று சொல்லி வாசித்துவிட்டு, இயர்போனை மாட்டி அடுத்த பெயருக்குப் போனார். மாரக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலேயே நங்கையா கூப்பிட்டார். அடுத்த வருடத்துக்கு மூன்று புதுப் பெயர்கள். ரங்காத்தாள் தெரு மாறிவிட்டாளாம். தலைப்பு வாசிக்கிற குரல் வேகமாக இருக்கிறதாம். அது போனில் மாற்றுவது என்றேன். “என்னமோ பண்ணு, எனக்கு மெதுவாச் சொல்லோணும்” என்று அதிகாரம்.

மாரக்காளின் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“காலியாவே இருக்கட்டும். அந்த எடத்துல நான் பேசிக்கறேன்.”