அவர் இறுக்கிய நட்டுகள்

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கார் கண்ணாடி முழுக்கக் கடல் உப்பு. கேஸ் புக் செய்ய வேண்டும்.

அவருடைய தம்பி சேகர் வந்தான். காரை விற்றுவிடச் சொல்கிறான். செய்யூரில் யாரோ கேட்கிறார்களாம்.

"அண்ணி, வண்டி சும்மா நின்னுகினு கீது. உப்புக் காத்தே தின்னுடும்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்கு நானே ஓட்டிப் போவேன் என்றேன். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"ஓட்டுறது பெரிசில்ல. நடுரோட்டுல பஞ்சர் ஆச்சுனா இன்னா பண்ணுவ? ஞாயித்துக்கெயம வரேன். ஒரு சக்கரத்தக் கயட்டி மாட்டிக் காட்டு. அப்பால விக்கச் சொல்ல மாட்டேன்."

நவம்பர் 14, வியாழன்

மழை இல்லை. டூட்டி முடிந்து வந்து முயன்றேன். அவசரத்தில் முதலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டேன், சக்கரமே சுற்றியது. திரும்ப இறக்கினேன். டிக்கியில் இருந்த குட்டை ஸ்பேனர். நட்டு அசையவில்லை. மேலே ஏறி நின்றும் பார்த்தேன். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஆடியில் பிரேக் பார்க்க நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டினார். கையால் முடுக்கியது போதாதென்று ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு குதி. "இனிமே என்னத் தவிர எவனும் கயட்ட முடியாது" என்று சிரிப்பு. அடுத்த வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

கோபமாக வந்தது. சாப்பிடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

செங்கல்பட்டில் டூல்ஸ் கடை. நிலைமையைச் சொன்னேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்புல வெயிட் வேணாம்மா. கைப்பிடி நீளமா இருந்தா போதும்." நீளக் கைப்பிடி ஸ்பேனர், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தக்காளி மறந்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

நல்ல வெயில். நேற்றே ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தேன். சேகர் பக்கத்தில் கை கட்டி நின்றான். ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து. 'கிரீச்' என்று நட்டு இளகிவிட்டது.

இவ்வளவு சுலபமாக வந்திருக்க வேண்டாம். அவர் குதித்து இறுக்கியது, ஒரு கையால் போய்விட்டது. சேகர் முன்னால் அழக் கூடாதென்று குனிந்தே வேலை பார்த்தேன். கழற்றினேன், துருவைத் தேய்த்தேன், மாட்டினேன், இறக்கி முடுக்கினேன்.

"செய்யூர்காரன்கிட்ட வண்டி இல்லன்னு சொல்லிடறேன் அண்ணி" என்றான். டீ குடித்தான். போகும்போது, "மத்த மூணையும் இன்னிக்கே பாத்துடு. வுட்டா இறுகிக்கும்."

அவன் போன பிறகு இரண்டு சக்கரம் முடித்தேன். கடைசி, பின்பக்கம் இடது. ஸ்பேனரை நட்டில் மாட்டினேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்துத் துடைத்து டிக்கியில் வைத்துவிட்டேன்.

இது ஒன்று இருக்கட்டும். பஞ்சர் ஆகிற அன்று பார்த்துக்கொள்ளலாம்.