பரிமாறிக்கொண்ட பிழைகள்

இன்று காலை வலையபட்டியில் ஒரு சிறு பாலத்தின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். ஏழடிக்குக் கீழே கறுப்புக் களிமண் வந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து எழுந்த வாடை, அழுகிய இலையும் பழைய தண்ணீரும் கலந்த வாடை, என்னைக் குன்றக்குடிச் சாலைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே இதேபோல் ஒரு குழியின் விளிம்பில் நீங்கள் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி சேற்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினீர்கள். நீங்கள் இறந்து ஒன்றரை வருடமாகிறது. இந்தக் கடிதம் எந்தத் தபாலிலும் சேரப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாம் முதலில் கடிதத்தில்தான் பழகினோம். நான் இங்கே சாலை வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர். எங்கள் பக்கத்து இன்ஜினீயர்கள் சங்கத்தின் காரியதரிசி. நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் உத்தியோகம், அங்குள்ள சங்கத்துக்குக் காரியதரிசி. வருடத்துக்கு ஒரு முறை இரண்டு சங்கங்களும் வாழ்த்து எழுதிக்கொள்ளும். அதோடு சரி. ஒரு வருடம் உங்கள் வாழ்த்துக்கு அடியில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது: "நன்றாக முடிந்த வேலைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். கெட்டுப்போன வேலைகளை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் என்ன?"

எங்கள் கமிட்டியில் ஒருவர், "நம்ம வீட்டு அழுக்கைக் கப்பலேத்தி அனுப்பணுமாக்கும்?" என்று கேட்டார். உள்ளூர நானும் அவர் கட்சிதான். இருந்தாலும் தீர்மானம் எப்படியோ நிறைவேறியது. வருடம் ஒருவர் கடல் தாண்டிப் போவது, அங்கே ஒரு வேலையைப் பார்ப்பது, கட்டியவரும் பார்த்தவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதி இரண்டு சங்கத்திலும் படிப்பது என்று ஏற்பாடாயிற்று. முதலில் நீங்கள் வந்தீர்கள்.

உங்களுக்குக் காட்டுவதற்கு நான் கெட்டுப்போன வேலை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குன்றக்குடிச் சாலையில் ஓடைக்குக் குறுக்கே நான் கட்டி, திறந்து இரண்டு மாதமே ஆன மூன்று கண் பாலத்தைத்தான் காட்டினேன். பங்குனி உத்திரத்துக்கு எட்டு நாள் இருந்தது. காவடிக் கூட்டமும் வண்டிகளும் அந்த வருடம் முதல்முறையாக அதன் மேல் போகப் போகின்றன என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஓடைக்குள் இறங்கி, கிழக்குக் கரையில் பாலத்தைத் தாங்கும் சுவரின் அருகே நின்றீர்கள். சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, சுவரில் ஓடிய மெல்லிய கோட்டில் வைத்தீர்கள். முனை உள்ளே போயிற்று.

"இது பூச்சு வெடிப்புத்தான்" என்றேன்.

"இருக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டு கிடைக்குமோ?"

வெடிப்பின் இரு பக்கமும் சிமெண்டு வைத்து, குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைப் பதித்தீர்கள். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது அது நடுவில் உடைந்திருந்தது. எனக்கு உங்கள்மேல்தான் முதலில் கோபம் வந்தது. இதை நான் உங்களிடம் சொன்னதில்லை.

பாலத்தை மூடுவதென்றால் செட்டியாரிடம் சொல்லியாக வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் அவர் உபயம். திறப்பு விழாவுக்குக் குன்றக்குடி, காரைக்குடி என்று பெரிய மனிதர்களையெல்லாம் அழைத்தவரும் அவரே. நாம் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன்.

"என்ன ஓவர்சியர், தொறந்து ரெண்டு மாசங்கூட ஆகலை. உத்திரத்துக்கு அஞ்சு நாள் வச்சிக்கிட்டு இப்ப மூடணும்கிறீக. ஊரு என்னைய என்ன கேக்கும்?" என்றார் அவர். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "இவுக அக்கரையில இருந்து வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்?" என்றார்.

எனக்காக நீங்கள் வாதாடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் உங்களைப் பற்றிப் பேசினீர்கள். "ஐயா, எங்கட பக்கத்தில நான் கட்டின பாலம் ஒண்டு விழுந்தது. ஒரு வண்டிக்காரர் செத்துப் போனார். அதுக்கு முதல் கிழமை அந்தச் சுவரில ஒரு வெடிப்பைப் பார்த்தனான். பெரிய துரை வாறார் எண்டு பூசி மறைச்சுப் போட்டன்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செட்டியார், "அந்த வண்டிக்காரருக்குப் பிள்ளைக உண்டா?" என்று கேட்டார். நீங்கள் "மூண்டு பேர்" என்றீர்கள்.

"அப்ப மூடிருங்க. ஓடையில இப்பத் தண்ணி இல்லை. மணல்ல பனையோலையப் பரப்பச் சொல்றேன், வண்டி அங்குட்டு எறங்கிப் போகட்டும். யாரும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

உத்திரம் முடிந்ததும் சுவரின் அடியைத் தோண்டினோம். பாதிச் சுவர் செம்பாறை மேல் இருந்தது. மறு பாதி, தூர்ந்துபோன ஒரு பழைய கிணற்றின் மேல் இருந்தது. அந்தச் சேற்றைத்தான் நீங்கள் முகர்ந்து பார்த்தீர்கள். பக்கத்துப் புஞ்சைக்காரி வெள்ளையம்மா வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல ஐயா, இங்குட்டு ஒரு கெணறு இருந்துச்சுன்னு எங்க மாமியா சொல்லும்னு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைவூட்டுவதுபோலச் சொன்னாள்.

மறக்கவில்லை. வேலை தொடங்கிய அன்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் காட்டிய இடத்துக்கு ஆறடி தள்ளி ஒரு சோதனைக் குழி போட்டேன். பாறை வந்தது. பாறை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் காட்டிய இடத்தைத் தோண்டவே இல்லை. இதில் எதையும் உங்களிடம் நான் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தபோது சொன்னீர்கள்.

"அதையும் எழுதுங்கோ."

"கிணறு இருந்ததை எழுதினால் போதாதா?"

"கிணறு எல்லா ஊரிலயும் இருக்கும். சொன்ன ஆளைக் கேக்காமல் விட்டதுதான் எங்கட ஆக்களுக்கு உதவும்."

எழுதினேன். நான்கு முறை எழுதி நான்கு முறையும் அந்தப் பத்தியை அடித்து, ஐந்தாம் முறை விட்டுவைத்தேன்.

அடுத்த தை மாதம் நான் உங்கள் ஊருக்கு வந்தேன். கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னதும், தலைமன்னாரில் நீங்கள் எனக்காக ரயிலடியில் இட்டலிப் பொட்டலத்தோடு நின்றதும் நினைவிருக்கிறது. கொழும்பில் சங்கத்து மண்டபத்தில் அறிக்கையைப் படித்தேன். வெள்ளையம்மா சொன்ன இடம் வந்தபோது பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலையை நிமிர்த்தாமல் படித்து முடித்தேன். கேள்வி நேரத்தில் ஒரு சிங்கள இன்ஜினீயர் எழுந்தார். கேள்வி கேட்கவில்லை. தான் மலைச்சரிவில் ஒரு பாலத்துக்கு நடுத்தூண் நிறுத்த இருப்பதாகவும், அங்குள்ளவர்கள் யாரிடமும் தான் எதுவும் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அவர் போய்க் கேட்டிருக்கிறார். இரத்தினக் கல்லுக்காக எப்போதோ தோண்டி மூடிய குழி ஒன்றை ஒரு கிழவர் காட்டியிருக்கிறார். தூண் நிற்க வேண்டிய இடத்தில்தான் அது இருந்தது. தூணை நகர்த்திவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தன் நன்றியைச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

நான் வெள்ளையம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். "அம்புட்டுத் தூரத்துல உள்ளவுக கேட்டுக்கிட்டாகளாக்கும்" என்றாள். பிறகு மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்தபடியே, "நீங்களும் அப்பவே கேட்டிருந்தா ஒரு சொவரு மிச்சம்" என்றாள். இதை உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அந்த வரியை உங்கள் சங்கத்தில் படித்துக் காட்டியதாகவும், இந்த முறை எல்லோரும் சிரித்ததாகவும், சிரிப்பு வேறு மாதிரி இருந்ததாகவும் பதில் எழுதினீர்கள். உங்கள் கையெழுத்தில் எனக்கு வந்த கடைசிக் கடிதம் அது.

வெள்ளத்தில் உடைந்த சாலைகளைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, ஐந்தாம் நாள் இறந்துபோனீர்கள் என்று உங்கள் சங்கத்திலிருந்து எழுதினார்கள். தட்டெழுத்தில் மூன்று வரி. வரவு எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். அன்று வேறென்ன செய்தேன் என்று நினைவில்லை.

ஏற்பாடு தொடர்கிறது. அந்தச் சிங்கள இன்ஜினீயர்தான் இப்போது உங்கள் இடத்தில் இருக்கிறார். போன வருடம் இங்கே வந்தார். எங்கள் ஆட்களில் சிலர் மறுபடியும் நன்றாக முடிந்த வேலைகளையே எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டு, "இதுல எது தப்பாப் போச்சு?" என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்து சொல்கிறார்கள்.

எனக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு நான் ஒரு தரம் தனியாகச் சுற்றி வருகிறேன். இதில் எதை உங்களுக்கு எழுதக் கூச்சப்படுவேன் என்று தேடுகிறேன். அது கிடைத்ததும், நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வருவதற்கு முன்பே, ஆட்களைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் பிரிக்கச் சொல்லிவிடுகிறேன்.