செம்பிக்கும் பாப்பாவுக்கும் வந்த கொப்பளம்

ஸ்பிரிங்வெளி,
பதுளை.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் மகள் யதுஷாவும் இப்போது சுகமாக இருக்கிறோம். ஜோர்தானில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழத் தொடங்கிவிடுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையோ சொல்லிவிடுகிறேன். மேல் லயத்து சிவசக்தி அடுத்த கிழமை உன்னுடைய கார்மென்ட் பெக்டரிக்கே வேலைக்கு வருகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் எனக்கே பாதி இன்னும் விளங்கவில்லை.

திருவிழா முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, மாட்டுப்பட்டியில் ஈயும் கொசுவும் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் பால் கறக்கப் போனால் நம் செம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கழுத்திலும் தொடையிலும் பாக்கு அளவில் கட்டி கட்டியாக எழும்பியிருக்கிறது. அம்மா பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். வாயில்லாத ஜீவன் மேல மாரியம்மா வந்திருக்கா, ஊசி கீசின்னு யாரும் கிட்ட வராதீங்க என்று சொல்லி, வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொழுது சாயும்போது வேப்பிலையைப் போட்டுப் புகையும் மூட்டினாள். நான் மாட்டு டொக்டருக்குச் சொல்லி அனுப்பினேன், அவர் வருவதற்குள் யதுஷாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் பார்த்தால் அவள் முதுகிலும் வயிற்றிலும் நீர் கோத்த கொப்பளம். பட்டியில் ஒன்று, பாயில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்தால் நான் எதை என்று நினைப்பது சொல்லு. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இது கொப்பளிப்பான், சின்னம்மைதான், பள்ளிக்கூடத்துல நெறைய புள்ளைகளுக்கு இருக்கு, பயப்பட வேணாம் என்றார்கள். எங்க மாட்டுக்கும் இருக்குதுங்களே என்று கேட்டேன், மாட்டப் பத்தி மாட்டு டொக்டர்கிட்ட கேளுங்க என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

லயத்து வீடுகள் முழுக்க மாட்டிலிருந்துதான் பிள்ளைக்கு ஒட்டியது என்று பேச்சாகிவிட்டது. அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் எல்லாரும் பிடித்து முடியட்டும் என்று ஒதுக்கி நிறுத்தினார்கள். பஜாரில் ஹாஷிம், நம்மிடம் பால் வாங்கும் தேத்தண்ணிக் கடைக்காரர், மனசுல வைக்காதீங்கண்ணே, கடைக்கு வர்ற ஆளுக பயப்படுறாங்க என்று பால் வாங்குவதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அஜந்தன்தான் மாட்டையும் பிள்ளையையும் படம் பிடித்து உனக்கு அனுப்பியது. அவன் மேல் கோபப்படாதே, அவன் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீ அன்றைக்கு அப்படிக் கத்தினாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீ வேறு என்ன செய்வாய். நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொன்னதும் மாட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மொனராகலைப் பக்கத்து மாட்டு வியாபாரி அலவிக்குச் சொல்லி அனுப்பினேன், அவர் லொறியோடு வந்துவிட்டார்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். செம்பிக்கு முன்கால் வீங்கி நடக்க முடியவில்லை, கன்று பின்னால் நின்று கத்துகிறது. அப்போது அம்மா ஓடிவந்து பட்டி வாசலை மறித்துக்கொண்டாள். மாரியம்மா எறங்கியிருக்குற ஒடம்ப லொறியில ஏத்துவீங்களா, அப்படின்னா உள்ள படுத்திருக்குற புள்ளையையும் சேத்து ஏத்துங்க என்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை எதிர்த்து அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அலவி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க என்று லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏதோ பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

மறுநாள்தான் மாட்டு டொக்டர் வந்தார், சிங்களப் பெண், நோனா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவது, தமிழ் நன்றாகப் பேசுகிறார். லம்பி என்று பேர் சொன்னார், தோலில் கட்டி எழும்பும் நோயாம், கடிக்கிற ஈயும் கொசுவும்தான் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டு போகிறதாம், மனுஷருக்கு வராதாம். நல்ல காலம் மாட்ட அனுப்பல, லொறியில போயிருந்தா போற ஊரெல்லாம் பரவியிருக்கும் என்றார். வேப்பிலைப் புகையைப் பார்த்து, நல்லது, ஈ வராது என்றார். உடனே அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. நான் கேட்டேன், நோனா, பிள்ளைக்கு வந்ததும் வைரஸ் என்கிறார்கள், மாட்டுக்கு வந்ததும் வைரஸ் என்கிறீர்கள், விசர்நாய் கடித்தால் நாயின் நோய் மனுஷனுக்கு வருகிறதே, இது மட்டும் எப்படி வராது என்று. சிலது தாண்டும், சிலது தாண்டாது, இது தாண்டாது என்றார். ஏன் தாண்டாது என்றும் சொன்னார், தலையாட்டினேன், ஆனால் விளங்கவில்லை. பாலைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்றார். செம்பிக்குக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டு, லயத்தில் நோய் இல்லாத மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார். ஊசியே ஆகாது என்று நின்ற உன் அம்மா, சொகமா இருக்குற மாட்டுக்கெல்லாம் குத்துறீங்க, வருத்தக்கார மாட்ட விட்டுட்டுப் போறீங்களே என்று அவரோடு சண்டைக்குப் போனாள். நோய் வந்த பிறகு அந்த ஊசியால் பலன் இல்லையாம். அதுவும் எங்கள் இருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

கன்றுக்கும் அது ஒட்டிவிட்டது, தப்பவில்லை மகள். தொண்டையெல்லாம் கட்டி, பால் இறங்கவில்லை. தேயிலைக்கு மேலே வேலியோரம் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன், அஜந்தன்தான் கூட வந்து மண் தள்ளினான். செம்பி மெல்ல எழுந்து புல் தின்னத் தொடங்கிவிட்டது, தோலில் மட்டும் அங்கங்கே குழி விழுந்திருக்கிறது. பாப்பாவுக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். போன் அடித்தால் பாப்பா கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். விளையாடப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்று நாங்கள் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். என்ன கேட்டாலும் வாய் திறக்கவில்லை. நேற்று செம்பியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தவள் தானாகவே கேட்டாள், எனக்குக் கொப்பளம் போயிருச்சு தாத்தா, இனிமே அம்மா என்னைய வெரட்டச் சொல்ல மாட்டாங்கதானே என்று. பிறகுதான் நினைவு வந்தது, அன்றைக்கு நான் போனை சத்தமாக வைத்திருந்தேன். அத இன்னைக்கே வீட்ட விட்டு வெரட்டுங்கப்பா என்று நீ மாட்டைச் சொன்னாய், பாயில் கிடந்தவள் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு வாசலில் லொறியும் வந்து நின்றது, பிள்ளையையும் ஏற்றுங்கள் என்று உன் அம்மா சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை நாள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நீ மாட்டைத்தான் சொன்னாய் என்று நான் அவளிடம் எவ்வளவோ சொன்னேன். செம்பிய மட்டும் ஏன் வெரட்டணும், அதுக்கும் என்னைய மாதிரி காய்ச்சல் வருத்தம்தானே என்று கேட்கிறாள்.

வேலையை விட்டு ஓடிவர வேண்டாம், உன் ஒப்பந்தக் காலம் முடிந்து நல்லபடியாக வா. அம்மா உனக்கு விபூதி மடித்து வைத்திருக்கிறாள், சிவசக்தியிடம் கேட்டு வாங்கி நெற்றியில் பூசிக்கொள். தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவள் பேச மாட்டாள், ஆனாலும் போனைக் கட்டிலுக்கு அடியில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் வெளியே போய்விடுவோம். அவள் பதில் சொல்லாவிட்டாலும் வைத்துவிடாதே, பேசிக்கொண்டே இரு.

உன் அன்பு அப்பா,
சிவஞானம்