முடிச்சுப் போட ஒரு மேல்சட்டை

மே 10, ஞாயிறு

காலையிலேயே அனல். காற்றடித்து மாடி முழுக்கக் கரிசல் தூசி. தம்பி கல்யாணம் 28-ந்தேதி, விளாத்திகுளத்தில். பட்டு ரவிக்கைகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு, இடது கையில் ஏறவே இல்லை. மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தக் கை வீக்கம். மூன்றாவது ஏறியது, ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மணப்பெண் கழுத்துக்குப் பின்னால் நாத்தனார் முடிச்சு எப்படிப் போடுவது?

தையல் கடை: கல்யாண நேரம், புது வேலை எடுக்கவில்லை. எப்படியும் புதுத்துணி தழும்பில் உரசும். பலமுறை துவைத்துப் பழகிய துணிதான் தாங்குகிறது.

மே 12, செவ்வாய்

தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் பக்கத்து மேசை ஜெயாவிடம் சொன்னேன். பெண்கள் பழைய துணி கைமாற்ற வாட்ஸ்அப் குழு ஒன்று நடத்துகிறாள்.

"ரவிக்கையைத் தேடாத புள்ள. லூசான சட்டையா பாரு. சேலைக்குச் சேந்துட்டா அதுதான் ரவிக்கை."

வேண்டியது: முன்பக்கம் பட்டன். முழங்கை வரை தொளதொளக் கை, வீக்கம் குறையக் கையில் மாட்டும் இறுக்க உறை தெரியாதபடி. பருத்தி. பிறகு ஆபீஸுக்கும் ஆக வேண்டும்.

வெயிலில் தலைவலி. மோர்.

மே 16, சனி

மூன்று உருப்படி வந்தன. கத்தரிப்பூ நிற மேல்சட்டை, மாற்றலாகிப் போன பேங்க்காரம்மா போட்டது. மாம்பழ மஞ்சள் சேலை, பட்டும் பருத்தியும் கலந்தது, கரை கத்தரிப்பூ. ஒரு டீச்சருடையது. மேலே போட ஒரு வலைக் கோட். மூன்றையும் துவைத்துக் காயப்போட்டேன். அரை மணியில் மொடமொடப்பு.

அம்மா கொடிக்கு அருகில் நின்று, "அடுத்தவ உடுத்துனதைக் கட்டிக்கிட்டா மணவறையில நிப்பே?"

"தொவச்சாச்சும்மா."

"தொவச்சா போயிருமா?"

உள்ளே வந்துவிட்டேன்.

மே 20, புதன்

அத்தை போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு அப்படி ஒரு சீக்கு வந்து கெடந்தா. நல்ல காரியம் பாருங்க. முடிச்சை உங்க தங்கச்சி மக போடட்டும் மதினி."

அம்மா, "ம்."

தம்பி தட்டிலிருந்து நிமிராமல், "அக்காதான் போடுவா அத்தை. நீங்க என்னைக்கு வாரீங்க, அதைச் சொல்லுங்க."

அத்தை சொன்னது கூடப் பரவாயில்லை. அம்மாவின் அந்த "ம்". ஆபீஸில் ஒரு பில்லைத் தப்பாகப் போட்டுத் திருத்தினேன்.

மே 24, ஞாயிறு

கதவைத் தாழிட்டு ஒத்திகை. உள்ளே மார்பு எடுத்த பக்கத்துக்குப் பஞ்சுத் திண்டு, கைக்கு உறை, மேல்சட்டை, சேலை. கோட் வேண்டாம், புழுங்குகிறது. ஜெயாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேல்சட்டையின் கீழ்ப்பகுதியை இடுப்பில் மடித்துச் சொருகினால் ரவிக்கை போலவே இருக்கிறது. கட்டில் கம்பியில் பாவாடை நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கை போகிறது. வலிக்கிறது, ஆனால் போகிறது. நல்லெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

மே 29, வெள்ளி

நேற்று எழுத ஒழியவில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. பட்டு கட்டியவர்கள் எல்லாம் தாம்பூலப் பையால் விசிறிக்கொண்டு. அத்தை சொன்ன அந்தச் சித்தி மகளும் மணவறைப் பக்கம் வந்து நின்றாள், யார் சொல்லியோ. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். போனேன். மீதி இரண்டும் நான். கடைசி முடிச்சில் வியர்வையில் கயிறு நழுவியது. குனிந்திருந்த மணப்பெண் மெதுவாக, "நிதானமா போடுங்க மைனி," என்றாள். போட்டேன்.

பந்தியில் அத்தை என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா காத்தோட்டமா இருக்கே. எங்க எடுத்தே?"

"ஒரு பேங்க்காரம்மா போட்டது அத்தை."

பாயசத்தைக் குடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது அம்மா வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினாள்.

மே 31, ஞாயிறு

சேலையில் சாம்பார்க் கறை, பாதி போனது. நாளை ஆபீஸுக்கு மேல்சட்டை, கறுப்புப் பேன்ட். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அந்தத் தழும்பு இப்ப எப்படி இருக்கு?"

ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மா அதைப் பார்த்ததில்லை. மருந்து வைத்துக் கட்டியதெல்லாம் ஜெயா. பெட்டியை அணைத்துவிட்டு நைட்டி பட்டனைக் கழற்றினேன். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.