கொட்டக் கொட்டப் பழகிவிடும்

மாப்பிள்ளை,

இன்று காலை சமையலறையில் ஒரு பைக்குள் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் கறுத்துக் கனிந்து கிடந்தது. பையைத் திறந்ததும் வந்த வாசனையில் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. தேனீ கொட்டிய இடத்திலிருந்து இந்த வாசனைதான் எழும், அதை மோப்பம் பிடித்துத்தான் மற்றவையும் கொட்ட வரும் என்று நாம் இருவரும் சேர்ந்து போன தேனீ வளர்ப்புப் பயிற்சியில் சொன்னார்கள். பழத்தைக் குப்பை வண்டியில் போட்டுக் கையைக் கழுவியும் வாசனை போகவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன்.

ஞாயிறு தவறாமல் ஹெப்பகோடியிலிருந்து பஸ் மாறி ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுக்க வேண்டும் என்பது முறை. நீங்களோ செருப்பைக் கழற்றியதும் மாடிப்படி ஏறிவிடுவீர்கள். “உங்க மாப்பிள்ளை நம்ம வீட்ல பொண்ணெடுத்தாரா, பொட்டியெடுத்தாரா?” என்று என் மனைவி கேலி செய்வாள். மொட்டைமாடியில் இருந்தவை இரண்டே தேனீப் பெட்டிகள். முதலில் எறும்பு ஏறாதபடி ஸ்டாண்டுக் கால்களுக்கு அடியில் இருக்கும் கிண்ணங்களில் தண்ணீர் நிரப்புவீர்கள். பிறகு அடிப்பலகையைச் சுரண்டி, மெழுகுப்பூச்சியின் நூலாம்படை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அதற்கு அப்புறம்தான் தேனடைச் சட்டத்தைத் தூக்குவது. நான் ராணியைத் தேடித் தேடிக் கண் பூத்து நிற்பேன். “ராணியத் தேடாதீங்க மச்சான், முட்டையத் தேடுங்க. முட்ட இருந்தா அவ இருக்கா” என்பீர்கள்.

கையுறை மட்டும் போடமாட்டீர்கள். போட்டால் விரலுக்கு உணர்வு இல்லாமல் ஈயை நசுக்கிவிடுவோமாம். கொட்டினால் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தேங்காய்நார்ப் புகையைக் காட்டிவிட்டு, வேலையைத் தொடர்வீர்கள். “கொட்டக் கொட்டப் பழகிடும் மச்சான்.” பெட்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பேச்சுதான் இது. என் கை முதலில் இட்லி மாதிரி வீங்கியது, போகப் போக வீக்கமே வரவில்லை. அதனால் நானும் நம்பினேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, உங்கள் காதுமடலில் ஒன்று கொட்டியது. ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை சிவந்து உடம்பெல்லாம் தடிப்பு ஏறியது. உதடு வீங்கியது, குரல் அடைத்தது. தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று எழுந்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். வீட்டில் இருந்த அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். அரைமணி கழித்து மூச்சு சீரானது. நீங்கள் முதலில் பேசியது இதைத்தான்: “உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க மச்சான். சொன்னா பெட்டிய எடுத்துப் போடச் சொல்லிடுவா.”

சொல்லமாட்டேன் என்று உங்கள் கையில் அடித்துக் கொடுத்தேன். உங்களுக்காகக் கொடுத்தேன் என்றுதான் இத்தனை நாளும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் பெட்டி வேண்டியிருந்தது, மாப்பிள்ளை. அந்த மாதம்தான் முதல் தேன் எடுக்க இருந்தோம்.

அப்புறம் மழைக்காலம். ஒரு பெட்டியில் முட்டை இல்லை, ராணி போய்விட்டது. நல்ல பெட்டியோடு அதைச் சேர்க்க வேண்டும். நடுவில் செய்தித்தாளை விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டு கூட்டமும் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் வாசனை பழகி ஒன்றாகிவிடும். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மழை மூட்டத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது, ஈ எரிச்சலாக இருக்கும். இது இருவருக்கும் தெரியும். “அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்காது மச்சான்” என்றீர்கள். நான் பேப்பர் எடுக்கக் கீழே இறங்கினேன்.

திரும்பி வந்தபோது அதே தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கழுத்தில் மூன்று கொடுக்கு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அரைமணியில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆட்டோவைக் கூப்பிடாமல் மாத்திரையைத் தேடப் போனேன். எங்கே வைத்தேன் என்று அலமாரியைக் கலைத்தேன். மாத்திரையோடு வந்தபோது உங்களால் விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. “பேக ஹோகி, பேக” என்று ஆட்டோக்காரரைச் சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே இருந்தேன். அவரும் பாவம் என்ன செய்வார்.

ஆஸ்பத்திரிக்கு என் தங்கை வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் அவளிடம், “முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்காம்மா? வந்திருந்தா ஊசி மருந்து எப்பவும் கையிலயே வெச்சிருக்கச் சொல்லியிருப்போம்” என்றார். “இல்ல டாக்டர், இதான் மொதல் தடவ” என்றாள். அவள் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. காரியம் வரைக்கும் திறக்கவில்லை, அதற்கப்புறமும் திறக்கவில்லை.

போன மாதத்திலிருந்து அவள் ஞாயிறுகளில் வர ஆரம்பித்தாள். உங்களைப் போலவே காபி குடிக்காமல் மாடி ஏறினாள். மிஞ்சிய ஒரே பெட்டிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். கையுறையை நீட்டினேன், வேண்டாம் என்றாள். மூன்றாவது ஞாயிறு அவள் விரலில் ஒன்று கொட்டியது. நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “கொட்டக் கொட்டப் பழகிடும்னு அவரு சொல்வாரேண்ணா.”

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதும் என்னால் முடியவில்லை. காதுமடல், தடிப்பு, மாத்திரை, சத்தியம் என்று எல்லாவற்றையும் அந்தத் தொட்டிப் பக்கத்திலேயே கொட்டிவிட்டேன். அவள் சட்டத்தை ஒரு ஈ நசுங்காமல் உள்ளே இறக்கினாள், மூடியைப் போட்டாள், படி இறங்கினாள். என் மனைவி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் போன் செய்தும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், கதவு திறக்கவில்லை.

நேற்று அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மொத தடவ வந்தப்போ, அவரு பயந்தாராண்ணா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கும். ஆனால் இன்னொரு பொய்யை அவளுக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. “பயந்தாரும்மா. என் கைய விடவே இல்ல” என்றேன்.  பிறகு போனை வைத்துவிட்டாள்.

பெட்டியை ஆனேக்கல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கையுறையையும் சேர்த்துக் கொடுத்து, போடாமல் திறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். கிண்ணங்கள் மட்டும் மாடியில் இருக்கின்றன.

மணிக்கட்டில் நீங்கள் அழுத்திப் பிடித்ததில் நகம் பதிந்த தடம் நான்கு நாளில் மறைந்துவிட்டது. அந்த இடம் எனக்கு இன்னும் தெரியும். வாய் அடைத்துப்போயிருந்த அந்த அரைமணியில் நீங்கள் எனக்குச் சொன்னது அந்தப் பிடியில்தான், மாப்பிள்ளை. அதைக் கேட்காமல், மூச்சு திரும்பிய பிறகு நீங்கள் சொன்னதைக் கேட்டேன்.