பந்தியில் உட்கார்ந்த கிருமி

புதன், இரவு

இன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கைடு மூர்த்தி சார் என் ஆராய்ச்சியைக் கைவிடச் சொல்லிவிட்டார். கிருமி இரும்புச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும் புரதத்தை நான் நீக்கியிருந்தேன். ஆனாலும் அது குடுவையில் கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டது.

"அந்தப் புரதம் இல்லாமலே நல்லா வளருதேம்மா. அதைத் தடுக்க மருந்து எதுக்கு? விட்டுடு," என்றார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன். பொம்மசந்திராவில் பஸ் டிராஃபிக்கில் நின்றபோதுதான் உறைத்தது. குடுவையில் நாங்கள் ஊற்றியது சத்து மொத்தமும் கரைத்த திரவம். ஒருவனைக் கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, சம்பாதிக்கத் தெரியுமா என்று சோதித்தால் என்ன தெரியும்? நம் ரத்தம் அப்படிப் பரிமாறாது. இரும்பை ஒளித்துவைத்துக்கொள்ளும். அதைப் பிடுங்கத் தெரிந்த கிருமிதான் பிழைத்து நோயைக் கொடுக்கும்.

அங்கேயே இறங்கி லேபுக்குத் திரும்பினேன். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றில் சாதாரணக் கிருமியையும் மற்றதில் புரதம் நீக்கிய என்னுடையதையும் விட்டேன். சார் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னும் விடலையா நீ?"

"காலைல வந்து பாருங்க சார்."

காலையில் முதல் குழாய் கிருமி பெருகிக் கலங்கியிருக்கும். என்னுடையது தெளிவாக இருக்கும். ஒருவேளை அதுவும் கலங்கியிருந்தால்...

இருக்காது.